ஆடி பிறப்பதற்குள் ஒரு செம்பருத்தி

லெட்சுமி: கையைத் தட்டாதே லா! கோடு எங்கேயோ போயிடுச்சு பாரு.

ரூபினி: எங்கேயாவது போகட்டும்னுதான் தட்டினேன், அத்தை. நீங்க பிரஷ்ஷைப் புடிக்கிற புடியைப் பார்த்தா எனக்கே மூச்சு முட்டுது.

லெட்சுமி: கல்யாணத்துக்கு முன்னாடியே மாமியார் கையைத் தட்டுறா. வீட்டுக்கு வந்தப்புறம் என்னெல்லாம் பண்ணுவாளோ!

ரூபினி: பிரஷ்ஷைத் தண்ணியில முக்குங்க, அத்தை.

லெட்சுமி: என்ன, சிரிக்க மாட்டியா? ஜோக்குதானே அடிச்சேன்.

ரூபினி: சிரிச்சேனே. உள்ளுக்குள்ள... சரி, இது என்ன பூ?

லெட்சுமி: செம்பருத்தி.

ரூபினி: மூடிக்கிட்டு இருக்கே.

லெட்சுமி: மொட்டு.

ரூபினி: போன வாரமும் மொட்டு. அதுக்கு முந்தின வாரம் ரோசாவும் மொட்டு. ஏழு சனிக்கிழமையா ஒரு பூவைக்கூட நீங்க திறக்க விடலியே, அத்தை.

லெட்சுமி: இருபத்தாறு வருசமா குவீன் ஸ்ட்ரீட்ல பூ கட்டுறேன். விரிஞ்ச பூவை எவ வாங்குவா? கட்டுறப்போ மொட்டா இருக்கணும், மாப்பிள்ளை கழுத்துல ஏறுறப்போ விரியணும். விரிஞ்சு வந்தா வாளியிலதான் போடுவேன். என் கை அப்படியே பழகிடுச்சு.

ரூபினி: காம்பும் இல்ல.

லெட்சுமி: காம்பைக் கிள்ளிட்டுத்தானே கட்டணும்!

ரூபினி: அத்தை, இது மாலை இல்ல. யாரு கழுத்துலயும் போடப் போறதில்ல. தாள்லதான் இருக்கப் போவுது. காம்பு இருக்கட்டும், இலை இருக்கட்டும், நடுவுல இடம் இருக்கட்டும்...

லெட்சுமி: இடம் விட்டா வாடிக்கைக்காரங்க திட்டுவாங்க. விரலை உள்ள விட்டுப் பார்த்து, "ஏன் லெட்சுமி, நார்தான் தெரியுது"ன்னு கேப்பாங்க.

ரூபினி: இங்க யாரும் விரல் விட்டுப் பார்க்க மாட்டாங்க. ஒரு இதழுக்கு ஒரு தடவைதான் பிரஷ்ஷை வைக்கணும். வைங்க, அழுத்துங்க, எடுத்துருங்க. திரும்பத் தொடக்கூடாது.

லெட்சுமி: தப்பாப் போனா?

ரூபினி: போனா போவட்டும்.

லெட்சுமி: நீ சொல்லுவே. இது சும்மா வரையுற பூவா? என் மகன் கல்யாணக் கார்டுல வர்ற பூ. பார்க்கிறவங்க, "பூக்காரி வீட்டுக் கல்யாணம், மொட்டையா ஒரு பூ போட்டிருக்கா"ன்னு சொல்லிடக்கூடாது.

ரூபினி: அத்தை... கார்டைப் பத்திதான். அது போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட நான் ஒண்ணு...

லெட்சுமி: மணி என்ன?

ரூபினி: மூணே முக்கால்.

லெட்சுமி: அஞ்சு மணிக்குக் கார்டு அடிக்கிற ஹஸ்ருல் கடையைச் சாத்திடுவான். செவ்வாய்க்கிழமை ஆடி பிறக்குது. ஆடியில கார்டு அடிக்க மாட்டோம். ஆவணியில கல்யாணத்தை வச்சுக்கிட்டு ஆடி முடியட்டும்னு உட்கார்ந்திருக்க முடியுமா? இன்னைக்கு விட்டா இல்ல.

ரூபினி: தெரியும் அத்தை. அதனாலதான் சொல்றேன், இன்னைக்கே நான்...

லெட்சுமி: இன்னொரு தாளை எடு. பேசிக்கிட்டே இருந்தா பூ எப்ப வரும்?

ரூபினி: இருங்க, எடுக்கிறேன்.

லெட்சுமி: என்ன தேடுறே?

ரூபினி: இங்க்கு. இந்தாங்க, புது பாட்டில். முதல்ல நிப்புல கோடு போட்டுடுங்க. அது மேல கலர் அடிக்கலாம்.

லெட்சுமி: போன வாரம் கலரு முதல்ல, கோடு அப்புறம்னே?

ரூபினி: ரெண்டு மாதிரியும் செய்யலாம். நோர்மா அக்கா கிளாஸ்ல ரெண்டும்தான் சொல்லித் தந்தாங்க.

லெட்சுமி: சரி... இப்படியா?

ரூபினி: இன்னும் வேகமா. கோடு கிறுக்கலா இருக்கலாம். விட்டு விட்டு வரலாம். பூவோட ஓரத்தைச் சுத்தி வேலி கட்டாதீங்க.

லெட்சுமி: ம்... இது கொஞ்சம் விரிஞ்சிருக்கு பாரு. பாதி மொட்டு.

ரூபினி: பாதி மொட்டு பரவால்ல. இப்ப சிவப்பு. நிறையத் தண்ணி எடுங்க... இன்னும்... வைங்க.

லெட்சுமி: ஐயோ! என்னாது இது? கோடு எல்லாம் கரையுது! கறுப்பா ஓடுதே!

ரூபினி: அச்சோ...

லெட்சுமி: அழுத பொண்ணு கண்மை மாதிரி இழுத்துக்கிட்டுப் போவுது பாரு. போன வாரம் தண்ணி டின்னு கவுந்தும் இங்க்கு கரையலியே?

ரூபினி: அது... தண்ணிக்குக் கரையாத இங்க்கு. இது வேற போல. கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான்.

லெட்சுமி: பாட்டில்ல எழுதியிருக்குமே. நீ பார்க்கலியா?

ரூபினி: பார்க்கல... சாரி, அத்தை. தாள் வீணாப் போச்சு.

லெட்சுமி: பரவால்ல, நல்லதாப் போச்சு.

ரூபினி: என்ன நல்லதா?

லெட்சுமி: ம்? இல்ல... கரைஞ்சாலும் பார்க்க நல்லா இருக்குன்னேன். எடு, இன்னொரு தாளை எடு.

தங்கராஜு: என்ன, கார்டு ரெடியா? ஹெல்மெட்டோட நிக்கிறேன்.

லெட்சுமி: உங்களை யாரு ஹெல்மெட்டோட நிக்கச் சொன்னா? போயி டிவி பாருங்க.

தங்கராஜு: மூணு வாரமா இதைத்தான் சொல்றே. போர்ட்ல கிரேன் மேல உட்கார்ந்து ஒரு நாளைக்கு நூறு கண்டெய்னர் இறக்குறேன். நீங்க ரெண்டு பேரு சேர்ந்து ஒரு பூவை இறக்க முடியலியா?

ரூபினி: மாமா, இங்க்கு கரைஞ்சிடுச்சு.

தங்கராஜு: நல்ல இங்க்கு வாங்கிட்டு வரவா? ஜெலுத்தோங்ல இல்லாட்டி கொம்தார் போறேன். பத்து நிமிசம்.

ரூபினி, லெட்சுமி: வேணாம்!

தங்கராஜு: ஏன் ரெண்டு பேரும் கத்துறீங்க?

லெட்சுமி: கலரை முதல்ல அடிச்சுட்டு அப்புறம் கோடு போட்டா இந்த இங்க்கே போதும். காய்ஞ்சப்புறம் எதுக்குக் கரையப் போவுது? நீங்க சும்மா அலையாதீங்க.

தங்கராஜு: அப்ப சரி... இது யாரு வரைஞ்சது? இந்த வெள்ளைப் பூ?

ரூபினி: நான்தான், மாமா. கை பழகுறதுக்கு.

தங்கராஜு: கம்போஜாவா? கல்யாண வீட்டுல கம்போஜா எதுக்குமா? மலாய்க்காரங்க குபூர்ல, பொதைக்கிற இடத்துல நிக்கிற மரம்லா அது.

ரூபினி: சும்மா... கைக்கு வந்துச்சு, மாமா.

லெட்சுமி: பூவுல என்னங்க நல்ல பூ கெட்ட பூ! எவ்வளவு லேசா போட்டிருக்கா பாருங்க. நாலு தடவை பிரஷ்ஷு தொட்டிருக்கும். அவ்வளவுதான்.

தங்கராஜு: அஞ்சு இதழ் இருக்கே?

ரூபினி: அஞ்சாவது நான் வரையல, மாமா. தாளோட வெள்ளையை அப்படியே விட்டுட்டேன். நம்ம கண்ணு போட்டுக்குது.

தங்கராஜு: அட! நல்ல வேலை லா இது, வரையாமலே பேர் வாங்குறது. சரி, சீக்கிரம். போர்ட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். கம்ப்யூட்டர்ல அடிச்ச பூ இல்லடா, என் பொண்டாட்டி கையால வரைஞ்சது, மருமக சொல்லிக் குடுத்ததுன்னு. அந்த அஸ்லான்கூட தினமும் கேக்குறான், "மானா காட்? மானா காட்?"னு. கார்டு எங்க, கார்டு எங்கன்னு.

ரூபினி: எல்லார்கிட்டயுமா, மாமா?

தங்கராஜு: எல்லார்கிட்டயும். பட்டர்வொர்த் பக்கம் வேலை செய்யுறவனுக்கும் தெரியும். ஏன்மா, முகம் ஒரு மாதிரி ஆவுது?

லெட்சுமி: நீங்க நின்னு பார்த்துக்கிட்டே இருந்தா அதுக்குக் கூச்சமா இருக்காதா? போங்க. போயி பால் இல்லாம ரெண்டு தே-ஓ போடுங்க.

தங்கராஜு: போடுறேன், போடுறேன். நாலரைக்கு வருவேன். அப்ப கையில கார்டு இருக்கணும்.

லெட்சுமி: போயிட்டாரா?

ரூபினி: ம்... அத்தை, அவர் அடுப்படியிலேருந்து வர்றதுக்குள்ள நான் சொல்லிடுறேன். தயவுசெஞ்சு பிரஷ்ஷைக் கீழ வைங்க.

லெட்சுமி: வச்சா காய்ஞ்சு போவும். பாரு, சிவப்பு நல்லா ஊறியிருக்கு... வச்சு, அழுத்தி, எடு. வச்சு, அழுத்தி, எடு. பாத்தியா? மூணு இதழ் வந்துடுச்சு!

ரூபினி: நல்லாத்தான் வருது...

லெட்சுமி: நாலு... அஞ்... ஐயையோ!

ரூபினி: என்னாச்சு?

லெட்சுமி: என் பெருவிரலு! ஈரத்துல வச்சுட்டேன். பாரு, பூவுக்கு நடுவுல ரேகை விழுந்துடுச்சு. ஐ.சி. ஆபீஸ்ல அடையாளக் கார்டுக்கு வைக்கிற மாதிரி.

ரூபினி: அங்க ஏன் அத்தை விரலை வச்சீங்க? இவ்வளவு நேரம் இடது கை தாளுக்குப் பக்கத்துலயே இல்லியே.

லெட்சுமி: தெரியாம வச்சுட்டேன்னா விடேன்! வயசாவுது எனக்கு.

ரூபினி: பரவால்ல... பரவால்ல அத்தை. நல்லதுதான்.

லெட்சுமி: என்ன நல்லது?

ரூபினி: ...விரல் பட்டதும் பூவுக்கு நடுவுல ஒரு நிழல் வந்திருக்கு. அதைச் சொன்னேன்.

லெட்சுமி: ஓ.

ரூபினி: எத்தனை தாள் பாக்கி?

லெட்சுமி: ரெண்டு.

ரூபினி: ரெண்டுதானா...

லெட்சுமி: ஏன் ரூபினி, ஒண்ணு கேக்குறேன். கார்டை விடு. எனக்கு நிஜமா வருமா? விரிஞ்ச பூ?

ரூபினி: ஏன் வராது?

லெட்சுமி: பரிசம் போட வந்தப்போ உங்க வீட்டுச் சுவத்துல நீ வரைஞ்ச பூவைப் பார்த்தேன் பாரு... எல்லாரும் தட்டை மாத்திக்கிட்டு இருக்காங்க. நான் அதையே பார்த்துக்கிட்டு நிக்கிறேன். காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு ஒரு பூ வாடாம இருக்கணும்னு ஐஸ் பெட்டியும் ஈரத்துணியுமா நான் படுற பாடு... இந்தப் பொண்ணு ஒரு தாள்ல போட்டு ஆணியில மாட்டிட்டாளேன்னு. கார்டு கீர்டெல்லாம் நான் சொன்ன சாக்கு. எனக்குக் கத்துக்கணும்.

ரூபினி: அத்தை...

லெட்சுமி: நிஜமா சொல்லிக் குடு. கடைசி ரெண்டு தாள்.

ரூபினி: சரி. அந்தப் பக்கம் திரும்பி உட்காருங்க. வாசல்ல பெயிண்டு டின்னுல ஒரு செம்பருத்திச் செடி வச்சிருக்கீங்களே...

லெட்சுமி: அதுவா? அதை யாரு பார்க்கிறா? கட்டுறதுக்கு ஆகாது. சாயங்காலமே சுருங்கிடும். பன்னண்டாவது மாடியில அது வளர்ந்ததே பெருசு.

ரூபினி: காலையில கதவைத் திறக்கிறப்போ அது எப்படி நிக்கும்?

லெட்சுமி: எப்படி நிக்கும்? காத்து அடிக்கும்ல... தலையை ஒரு பக்கமா சாச்சுக்கிட்டு. லிப்டு பக்கம் யாரு வர்றான்னு எட்டிப் பார்க்கும்.

ரூபினி: அதை வரைங்க. பூவை வரையாதீங்க. அந்தச் சாய்வை மட்டும்.

லெட்சுமி: சாய்வை எப்படி வரையுறது?

ரூபினி: முதல்ல காம்பு. பச்சை. கீழேருந்து மேல ஒரே இழுப்பு... ஆங்! நிறுத்துங்க. அவ்வளவுதான்.

லெட்சுமி: கோணலாப் போச்சு.

ரூபினி: சாஞ்சுதானே நிக்கும்னீங்க? இப்ப வெறும் தண்ணியை மட்டும் வைங்க, பூ இருக்கிற இடத்துல. இப்ப சிவப்பு. பிரஷ்ஷோட நுனி இல்ல, வயிறு. வயித்தைப் படுக்க வைங்க.

லெட்சுமி: ஓடுது... தானா ஓடுது.

ரூபினி: ஓடட்டும்.

லெட்சுமி: ம்.

ரூபினி: இந்த இதழ் பெருசு. அடுத்தது மடங்கியிருக்கட்டும்.

லெட்சுமி: ம்...

ரூபினி: அங்க விடுங்க. அங்க கலர் வேணாம்.

லெட்சுமி: ஓட்டையா தெரியுமே?

ரூபினி: அந்தப் பக்கம்தானே காலையில வெயில் அடிக்கும்?

லெட்சுமி: ஆமா... ஆமா லா. அந்தப் பக்கம்தான்.

ரூபினி: விட்டுருங்க. இப்ப நடுவுல ஒரு சொட்டு கருஞ்சிவப்பு. ஈரம் இருக்கிறப்பவே... ம். ஃபேனுக்கு நேரா கொஞ்சம் புடிங்க, காயட்டும்.

லெட்சுமி: காய்ஞ்சிடுச்சு. தொட்டுப் பார்த்துட்டேன், ஓரமா.

ரூபினி: நிப்பு எடுங்க. அந்த நாக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குமே, அது ஒரே கோடு. மேல நாலஞ்சு புள்ளி. இதழுக்கு ரெண்டே கோடு. கலரு மேலயே போகணும்னு இல்ல. விலகிப் போங்க.

லெட்சுமி: விலகி... இப்படி... இப்படி...

ரூபினி: கையை எடுங்க, அத்தை. எடுத்துருங்க. இதுக்கு மேல ஒண்ணும் பண்ணாதீங்க.

லெட்சுமி: இது... நானா போட்டேன்?

ரூபினி: நீங்கதான். நான் பிரஷ்ஷையே தொடல.

லெட்சுமி: விரிஞ்சிருக்குடி!

ரூபினி: நல்லா விரிஞ்சிருக்கு, அத்தை. எட்டிப் பார்க்குது.

தங்கராஜு: தே-ஓ வந்தாச்சு... அடடே! இதுதான்! இதுதான் பூ!

லெட்சுமி: ஏங்க, அதைத் தொடாதீங்க!

தங்கராஜு: தொடல, ஓரத்தைத்தான் புடிக்கிறேன். லெட்சு, நம்ம வாசல்ல நிக்குமே, அதுதானே இது? பார்த்த உடனே தெரியுது! சிரிக்குதே லா! இப்பவே கிளம்புறேன். இன்னும் அரை மணி இருக்கு.

ரூபினி: மாமா, இன்னும் காயல!

தங்கராஜு: மோட்டோவுல போறப்போ காத்துல காயும்.

லெட்சுமி: கீழ மல்லி போடணும்! பேர் எழுத இடம் விடணும்! ஏங்க...

தங்கராஜு: அதெல்லாம் ஹஸ்ருல் கம்ப்யூட்டர்ல பார்த்துக்குவான். நீங்க விட்டா இதையும் கெடுத்துடுவீங்க. லிப்டு வந்துடுச்சு, போறேன்!

லெட்சுமி: ஏங்க! ...போயிட்டாரு.

ரூபினி: போயிட்டாரு...

லெட்சுமி: கெடுக்கவே மறந்து... கடவுளே. என் போன் எங்க? ரூபினி, என் போனைப் பார்த்தியா?

ரூபினி: யாருக்கு அத்தை? மாமாவுக்கா? நான் பண்றேன், என்கிட்ட இருக்கு.

லெட்சுமி: அவருக்கு இல்ல. ஹஸ்ருலுக்கு.

ரூபினி: ஹஸ்ருலுக்கு எதுக்கு?

லெட்சுமி: அது... கடையைச் சாத்திடாதேன்னு சொல்றதுக்கு. நீ எதுக்கு அவருக்குப் பண்றே?

ரூபினி: ரிங் போவுது... எடுக்க மாட்டேங்கிறாரு.

லெட்சுமி: மோட்டோவுல போறப்போ எடுக்க மாட்டாரு. என்ன அவசரம் உனக்கு?

ரூபினி: அத்தை, உட்காருங்க. இல்ல, நில்லுங்க. பரவால்ல, எப்படியாவது இருங்க. இப்ப சொல்லலேன்னா நான் மனுசியே இல்ல. அந்தக் கார்டு போகக் கூடாது.

லெட்சுமி: தே-ஓ ஆறுது, குடி...

ரூபினி: நானும் கோகுலனும் கல்யாணம் பண்ணிக்கப் போறதில்ல. நான்தான் முதல்ல சொன்னேன். அவர் மேல ஒரு தப்பும் இல்ல. என்னைத் திட்டுங்க. மூணு சனிக்கிழமையா சொல்லணும்னுதான் வர்றேன். ஜெலுத்தோங் வர்ற வரைக்கும் பஸ்ஸுல மனப்பாடம் பண்ணிக்கிட்டு வர்றேன். வந்தா நீங்க மேசையைத் துடைச்சு, மைலோ டின்னுல தண்ணி ஊத்தி, பிரஷ்ஷை எல்லாம் வரிசையா வச்சுட்டு உட்கார்ந்திருப்பீங்க. எப்படிச் சொல்லுவேன்?

லெட்சுமி: மத்தியானம் சாப்பிட்டியா நீ?

ரூபினி: அத்தை! நான் என்ன சொல்றேன்னு காதுல விழுந்துச்சா?

லெட்சுமி: விழுந்துச்சு. உட்காரு. அழுதுக்கிட்டு நிக்காதே, ஈரத் தாள்ல கையை வச்சுடுவே... ஏன் வேணாம்னு ரெண்டு பேரும்?

ரூபினி: சண்டை எல்லாம் இல்ல, அத்தை. தினமும் சிங்கப்பூர்லேருந்து போன் பண்ணுவாரு. சாப்பிட்டியான்னு கேப்பாரு. சாப்பிட்டேன்னு சொல்லுவேன். நீங்க சாப்பிட்டீங்களான்னு கேப்பேன். சாப்பிட்டேன்னு சொல்லுவாரு. அப்புறம் ரெண்டு பேரும் அடுத்து என்ன கேக்குறதுன்னு யோசிப்போம். அஞ்சு மாசமா இதான். ஒரு நாள் நான் கேட்டேன், "உங்களுக்கு நிஜமா இஷ்டமா, இல்ல வீட்டுல சொன்னாங்கன்னா?"ன்னு. "தேங்க்ஸ், ரூபினி"ன்னாரு. அவரால கேக்க முடியாததை நான் கேட்டுட்டேனாம்.

லெட்சுமி: அவன் அப்படித்தான். சின்னதுலேருந்தே வாயைத் திறக்க மாட்டான்.

ரூபினி: எங்க வீட்டுல நான் சொல்றது, இங்க அவர் சொல்றதுன்னு பேசிக்கிட்டோம். எங்கம்மா ரெண்டு நாள் பேசல, மூணாவது நாள் தோசை ஊத்திக் குடுத்துட்டாங்க. உங்ககிட்ட அவரே சொல்லிடுவாருன்னு நானும் வாரா வாரம் பார்த்தேன். அதுக்குள்ள கார்டு போயிடக் கூடாதேன்னு... அந்த இங்க்கை நான் வேணும்னேதான் வாங்கிட்டு வந்தேன். போன வாரம் தண்ணி டின்னைத் தட்டிவிட்டதும் வேணும்னேதான். உங்க பூவைக் கெடுத்தேன், அத்தை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு.

லெட்சுமி: கண்ணைத் துடை. சட்டையில துடைக்காதே, சிவப்பு இருக்கு. இந்தா, துண்டு.

ரூபினி: இனிமே உங்களை அத்தைன்னு கூப்பிடக்கூட எனக்கு...

லெட்சுமி: வாய்க்குப் பழகினதைக் கூப்பிடு. அதுக்கு என்ன பெர்மிட்டா வேணும்? ...போன் அடிக்குது. சோபாவுக்கு அடியில. அவருதான். ஸ்பீக்கர்ல போடு, என் கையெல்லாம் கலரு.

தங்கராஜு: ஹலோ, லெட்சு? நான் ஹஸ்ருல் கடையில நிக்கிறேன். இவன் என்னமோ உளர்றான் லா. நம்ம கார்டு ஆர்டரே இல்லையாம். மூணு வாரத்துக்கு முன்னாடியே நீ நேர்ல வந்து வேணாம்னு சொல்லிட்டியாம்!

ரூபினி: மூணு வாரமா...?

தங்கராஜு: அவனுக்கு வேற யாரோடதோ குழம்பிடுச்சு போல. நீயே சொல்லு அவன்கிட்ட.

லெட்சுமி: குழம்பலங்க. நான்தான் வேணாம்னேன். கோயில் மண்டபத்துலயும் சொல்லிட்டேன்.

தங்கராஜு: ஏன்?

லெட்சுமி: கல்யாணம் இல்லங்க. புள்ளைங்க ரெண்டும் வேணாம்னு பேசி முடிவு பண்ணிடுச்சுங்க. சண்டை இல்ல, சச்சரவு இல்ல. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நானும் நாளைக் கடத்திட்டேன். ஏங்க? இருக்கீங்களா?

தங்கராஜு: இருக்கேன்... போர்ட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே, லெட்சு.

லெட்சுமி: தெரியும்ங்க. மன்னிச்சுக்குங்க. வீட்டுக்கு வாங்க, உட்கார்ந்து பேசலாம்.

தங்கராஜு: அந்தப் பொண்ணு அங்கதான் இருக்கா?

லெட்சுமி: இங்கதான் இருக்கா.

தங்கராஜு: அழுதா?

லெட்சுமி: கொஞ்சம்.

தங்கராஜு: அதைத் திட்டிக் கிட்டிப்புடாதே.

லெட்சுமி: திட்டல.

தங்கராஜு: ம்... இங்க ஹஸ்ருல் பூவையே பார்த்துக்கிட்டு நிக்கிறான். யாரு வரைஞ்சதுன்னு கேக்குறான். என்ன சொல்ல?

லெட்சுமி: என் பேரைச் சொல்லுங்க. பத்திரமா திருப்பிக் கொண்டுவாங்க, மடிச்சுடாதீங்க. வர்றப்போ சாப்பிட மீ கோரெங் பொங்குஸ் பண்ணி, பொட்டலமா வாங்கிட்டு வாங்க.

தங்கராஜு: மூணு தானே? எனக்குத் தெரியாதா. வைக்கிறேன்.

லெட்சுமி: போனை அணைச்சுட்டியா?

ரூபினி: அப்ப... உங்களுக்குத் தெரியும்.

லெட்சுமி: ம்.

ரூபினி: அந்தப் பெருவிரலு?

லெட்சுமி: வேணும்னுதான் வச்சேன். போன வாரம் ரெண்டு தாள் நான், ஒண்ணு நீ. உன் தண்ணி டின்னு என் விரலைவிட மோசம். மேசை எல்லாம் ஊறிப்போச்சு.

ரூபினி: நான் வாயைத் திறக்கிறப்பல்லாம் மணி என்ன, தாளை எடுன்னு...

லெட்சுமி: நீ சொல்லிட்டா முடிஞ்சுடுமே. அதான்.

ரூபினி: உங்களுக்கு யாரு சொன்னா?

லெட்சுமி: வேற யாரு? நீ பேசின மறுநாளே போன் பண்ணி, "அம்மா, கோவிச்சுக்காதே"ன்னு அழுதான். ஒரு பாட்டம் திட்டினேன். அப்புறம் நானும் அழுதேன்.

ரூபினி: இருங்க, இருங்க... வாரா வாரம் நான் அவர்கிட்ட மெசேஜ் பண்ணிக் கேட்டேனே, "அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா"ன்னு. "இல்ல, இன்னும் தைரியம் வரல"ன்னுதான் பதில் போட்டாரு. நேத்துகூட அதையேதான் போட்டாரு!

லெட்சுமி: நான்தான் அப்படிப் போடச் சொன்னேன். அவன் என்கிட்ட சொல்லிட்டான்னு தெரிஞ்சா, சனிக்கிழமை நீ இந்த வீட்டுக்கு வர்றதுக்குக் காரணமே இல்லாம போயிடுமே, ரூபினி.